பணம் தீரும் நாள்

கார்மோர் பண்ணை
20 பிப்ரவரி 2001

அன்புள்ள மாமாவுக்கு,

நைரி எழுதுவது. விவாகரத்து ஆகி ஒரு வருடம் கடந்துவிட்டது. இன்னும் உங்களை மாமா என்று கூப்பிடலாமா என்று யோசித்தேன். என்னை விட்டுவிட்டுப் போனவன் உங்கள் மகன் கிரெய்க், நீங்கள் இல்லை. அதனால் பழையபடியே எழுதுகிறேன். சங்கடமாக இருந்தால் சொல்லிவிடுங்கள்.

இந்தப் பருவமும் செம்மறி ஆடுகளுக்கு ரோமம் வெட்டும் குழுவோடுதான் இருக்கிறேன். பதினோரு பேருக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை சமையல். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு பண்ணை மாறுகிறோம். எழுத மேஜைகூடக் கிடையாது. இதை மாவு மூட்டைமேல் வைத்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜப்பானுக்குப் போகப்போகிறேன். அங்கங்கே வேலை பார்த்துக்கொண்டு ஊர் சுற்ற ஒரு வருட விசா தருகிறார்கள். விண்ணப்பிக்கும் நாளில் முப்பத்தொரு வயது ஆகியிருக்கக் கூடாது. ஜூன் இரண்டாம் தேதி எனக்கு முப்பத்தொன்று. ஒருவருக்கு ஒரு தடவைதான்.

மாதவாரியாக ஒரு வருடத் திட்டமும் செலவுக் கணக்கும் எழுதித் தர வேண்டும். முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் கால அட்டவணை போட்ட உங்களைவிட இதற்குத் தகுந்த ஆள் எனக்குத் தெரியாது. கையில் 7,200 டாலர் இருக்கிறது. ஜூலையில் கிளம்பலாம் என்று எண்ணம்.

ஏழு வருடம் முன்பு நானும் கிரெய்க்கும் இதே கணக்கை உங்களிடம் கேட்டோம். பொறுத்திருக்கச் சொன்னீர்கள், பொறுத்திருந்தோம். இந்தத் தடவை பொறுக்க நாள் இல்லை, மாமா.

அன்புடன்,
நைரி


டனீடன்
1 மார்ச் 2001

அன்புள்ள நைரிக்கு,

உன் கடிதம் திங்களன்று கிடைத்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். மாமா என்றே கூப்பிடு. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் யாரையோ கூப்பிடுகிறாய் என்று நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

நூலகத்திலிருந்து ஜப்பானைப் பற்றி நான்கு புத்தகங்கள் எடுத்து வந்திருக்கிறேன். இரண்டு பழையவை, அவற்றிலுள்ள விலைகளை நம்ப முடியாது. ஒன்றில் படித்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அங்கே வீடு வாடகைக்கு எடுத்தால் முன்பணம் தவிர, வீட்டுக்காரருக்கு 'நன்றிப் பணம்' என்று ஒன்று கொடுக்கிறார்களாம். அது திரும்பி வராது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இரண்டு நாள் குழம்பினேன். வாடகையும் இல்லை, அன்பளிப்பும் இல்லை. கடைசியில் தனியாக ஒரு வரி போட்டேன். சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

சில கேள்விகள். உன் குளிர்க்கோட்டு எத்தனை வருடம் பழையது? பல்வலி வந்தால் எங்கே போவாய்? அங்கே உன் அளவுக்குச் செருப்பு கிடைக்காது என்று ஒரு புத்தகம் சொல்கிறது. எத்தனை ஜோடி கொண்டுபோவாய்? வேலை கிடைக்காத மாதத்தில் என்ன செய்வாய்? இன்னும் பதினான்கு கேள்விகள் தனித் தாளில் இருக்கின்றன.

பக்கத்து வீட்டு ஒலிவ் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன மெர்வின், மேஜை பூரா ஜப்பான் படமா இருக்கு, நீங்களா போறீங்க?" என்றாள்.

"நான் இல்ல, நைரி."

"அப்ப உங்க மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சுட்டேன். பழைய பழக்கத்தில் பெரிய கால் வாங்கிவிடுகிறேன். வியாழன் வரை அதையே சாப்பிட்டேன்.

உன் நலம் விரும்பும்,
மெர்வின்


டாஸ்வெல் பண்ணை
12 மார்ச் 2001

அன்புள்ள மாமா,

கோட்டு ஆறு வருடப் பழசு. செருப்பு இரண்டு ஜோடி. பல்வலி வந்தால் வலிக்கும், அவ்வளவுதான். வேலை கிடைக்காவிட்டால் தேடுவேன்.

உங்கள் கேள்வித்தாளைத் தேநீர் நேரத்தில் குழுவிடம் படித்துக் காட்டினேன். தலைமை வெட்டுக்காரர் ஹெமி, "பதினெட்டு கேள்வியா? எனக்குப் பொண்ணு குடுத்தப்பகூட என் மாமனார் ரெண்டுதான் கேட்டாரு" என்றார்.

"என்ன கேட்டாரு?"

"குடிப்பியா? எனக்கும் வாங்கித் தருவியா?"

எல்லோரும் சிரித்தோம். வெளியே மூன்று நாளாக வடமேற்குக் காற்று. கதவெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாருக்கும் தூக்கம் இல்லை. ஆடுகளும் நிலைகொள்ளாமல் பட்டிக்குள் சுற்றுகின்றன. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ரொட்டி மாவு பிசையும்போது கை தானாக வேகமாகப் போகிறது. சீக்கிரம் அனுப்புங்கள், மாமா.

நைரி


டனீடன்
26 மார்ச் 2001

அன்புள்ள நைரிக்கு,

திட்டத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினோரு பக்கம் வந்துவிட்டது. கூடுதலோ என்று பயமாக இருக்கிறது; எதை எடுப்பது என்றும் தெரியவில்லை.

ஜூலையில் ஹொக்கைடோவில் பால் பண்ணை, செப்டம்பரில் ஆப்பிள் பறிப்பு, நவம்பரில் விடுதி வேலை, டிசம்பரிலிருந்து பனிச்சறுக்கு ஊர்களில் சமையல், வசந்தத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தல். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்க நடுவில் ஒரு நாளுக்கு மேல் விடவில்லை. ரயில் நேரங்களைச் சரிபார்த்தேன். அவர்கள் ரயில்கள் மிக நன்றாக ஓடுகின்றன.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விமானக் கட்டணம், நன்றிப் பணம், குளிர்க்கோட்டு எல்லாம் கழித்து, நினைத்தபடி வேலை அமையாமல் போனால், உன் பணம் செப்டம்பர் 23ஆம் தேதி தீர்ந்துவிடும். மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் அந்த வாரம்தான் வருகிறது. அதற்குப் பிறகு கணக்கில் எதுவும் இல்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கிரெய்க் பெர்த்திலிருந்து தொலைபேசியில் பேசினான். நான்கு நிமிடம். உன்னைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

மெர்வின்


லின்டிஸ் சரிவு
19 ஏப்ரல் 2001

அன்புள்ள மாமா,

திட்டம் திரும்பி வந்துவிட்டது.

பதறாதீர்கள். விண்ணப்பத்தைப் பதிவு செய்யாமலே எல்லாவற்றையும் ஒரு குறிப்பு வைத்து அனுப்பியிருக்கிறார்கள், மரியாதையாகத்தான். இந்த விசா விடுமுறைக்கானது. வேலை, கைச்செலவுக்கு மட்டும். இந்தத் திட்டத்தில் பன்னிரண்டு மாதமும் வேலை இருக்கிறது. விடுமுறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

ஹெமி அதைப் பிடுங்கி எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "'ஜூலை 22, ஞாயிறு. ஒன்பது முதல் பதினொன்று வரை துணி துவைத்தல். பதினொன்று முதல் பன்னிரண்டு வரை கடிதம் எழுதுதல்.' ஏம்மா, இது ஜப்பானா, ஜெயிலா?"

"எங்க மாமா எழுதினது. வாய மூடிக்கிட்டு ஸ்கோன் ரொட்டியத் தின்னுங்க" என்றேன்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இரவில் நாளை எண்ணினேன். ஆறு வாரம் இருக்கிறது. இன்னொரு தடவை எழுதித் தாருங்கள், மாமா. ஒரே பக்கம் போதும். நடுவில் விடுமுறை வையுங்கள்.

நைரி


டனீடன்
27 ஏப்ரல் 2001

அன்புள்ள நைரிக்கு,

என்னை மன்னித்துவிடு. இவ்வளவு பெரிய தவறு என் கண்ணில் படவில்லை. இரண்டு நாள் வெளியே போகவே கூச்சமாக இருந்தது.

விடுமுறையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. ரயில்வேயில் வருடத்துக்கு மூன்று வாரம் விடுப்புத் தந்தார்கள். அந்த மூன்று வாரமும் மற்ற தடங்களில் ரயில் ஏறி, நான் போட்ட அட்டவணைப்படி ஓடுகிறதா என்று பார்த்து வருவேன். கிரெய்க்கின் அம்மா முதல் வருடம் கூட வந்தாள். பிறகு வரவில்லை.

எழுத உட்கார்ந்தால் செப்டம்பர் 23 வந்து முன்னால் நிற்கிறது. தெரியாத ஊரில், கையில் காசில்லாமல் நீ ஒரு ரயில் நிலையத்தில் நிற்பது போலத் தோன்றுகிறது. அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போட்டால் என்ன? ஜப்பான் இல்லையென்றால் முப்பத்தைந்து வயது வரை சேர்த்துக்கொள்ளும் நாடு ஏதாவது இருக்கலாம். விசாரித்துச் சொல்கிறேன். அதற்குள் இன்னும் மூவாயிரம் டாலர் சேர்ந்துவிடும். குழு ஓய்வில் இருக்கும் வாரங்களில் நீ இங்கே வந்து தங்கலாம். பின் அறை சும்மாதான் கிடக்கிறது.

யோசித்துப் பார்.

மெர்வின்


லின்டிஸ் சரிவு
7 மே 2001

மாமா,

'அடுத்த வருடம்' என்று எனக்கு இனிமேல் எழுதாதீர்கள்.

ஏழு வருடம் முன்பு நீங்கள் அனுப்பிய கடிதத்தைக் கிரெய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தான். 'பதினெட்டு மாதம் பொறுத்தால் பாதுகாப்பு.' தினமும் பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் படித்தேன். பதினெட்டு மாதத்தில் வீடு வாங்கினோம். அப்புறம் கூரை ஒழுகியது. அப்புறம் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பதில்லை. உங்கள் கடிதத்தால்தான் எல்லாம் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவையாவது நாங்கள் இருவரும் எங்கேயாவது ஓடியிருக்கலாம்.

நாளைக்கு மலைக்கு மேலே போகிறோம், குளிருக்கு முன் செம்மறிகளின் வால்பக்க ரோமம் வெட்டுவதற்கு. அங்கே தபால் வராது. விண்ணப்பம், புகைப்படம், கையெழுத்துப் போட்ட ஒரு வெற்றுத்தாள் மூன்றையும் இதில் வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டு என்னிடம் இருக்கட்டும், அது பிறகுதான் தேவை. அந்தத் தாளில் ஒரே பக்கம் எழுதி, மே பதினெட்டுக்குள் கிறைஸ்ட்சர்ச் விசா அலுவலகத்துக்கு நேராக அனுப்பிவிடுங்கள். ஒரு மாதமாவது காலியாக இருக்கட்டும். அந்த மாதத்தில் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது.

கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டு வேறு எழுத நேரமில்லை.

நைரி


டனீடன்
4 ஜூன் 2001

அன்புள்ள நைரிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தால் உனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்று நேற்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தாளை மே பதினான்காம் தேதி எழுதி முடித்தேன். ஒரே பக்கம். செப்டம்பரைக் காலியாக விட்டேன். காலியாக விட எனக்கு நான்கு நாள் ஆயிற்று. உறையில் போட்டு, ஒட்டி, தபால்தலையும் ஒட்டினேன். பிறகு முன்கூடத்து மேஜைமேல் வைத்தேன்.

அது அங்கேயே இருந்தது. முதல் நாள் மழை. இரண்டாம் நாள், எழுத்துப்பிழை இருக்குமோ என்று தோன்றியது. மூன்றாம் நாளிலிருந்து காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன். பதினெட்டாம் தேதி வந்து போனது. ஒரு காலை சமையலறையில் நின்றுகொண்டு, இது ஜூன் இரண்டு வரை இங்கேயே கிடந்தால் போதும், நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தேன். தெளிவாகவே நினைத்தேன். வேறு யாரும் என் காதில் ஓதவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி ஒலிவ் பாத்திரம் திருப்பித் தர வந்தாள். உறையைப் பார்த்தாள்.

"இது போன வாரமும் இங்கதானே இருந்துச்சு?"

"அனுப்பணும்."

"தபால்பெட்டி உங்க வாசல்ல இருந்து எத்தனை அடின்னு அளந்து வெச்சிருப்பீங்களே, மெர்வின்!"

"அறுபத்திரண்டு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு போயிடுமேன்னு பயமா?" என்றாள். நான் பாத்திரத்தை வாங்கி அலமாரியில் வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

ஒன்றாம் தேதி வெள்ளி. அதை விட்டால் உன் பிறந்தநாள், ஞாயிறு, திங்கள் அரசு விடுமுறை. தபாலை நம்ப இனி நாள் இல்லை. வியாழன் ரயிலில் கிறைஸ்ட்சர்ச் போனேன். சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தது, நான்கு நிமிடம் தாமதமாக. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கி, வெள்ளி காலை கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன்.

முகப்பில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள்.

"ஒரு விண்ணப்பம் குடுக்கணும். எனக்கில்ல."

"நல்லவேளை" என்று என் நரைத்த தலைமுடியைப் பார்த்தாள். உறையைப் பிரித்துப் பெயரைப் படித்தவள் நிமிர்ந்தாள். "முன்னாடி ஒண்ணு வந்துது, ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிறதெல்லாம் போட்டு. நீங்க எழுதினதா?"

"ஆமா."

"அடுத்தவங்க விண்ணப்பத்தப் பத்தி நான் பேசக்கூடாது, ஐயா. ஆனா பொதுவா ஒண்ணு சொல்றேன். ஒருத்தர் ரெண்டு தடவ விண்ணப்பிக்க முடியாது."

"அவ இன்னும் ஒரு தடவகூட..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

அவள் உறையை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

"எப்போ?" என்றேன்.

"பொதுவா, செவ்வாய்க்கிழமை."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வாசல் படியில் உட்கார்ந்தேன். நீ மலையிலிருந்து இறங்கி, அவ்வளவு தூரம் வந்து, எனக்குத் தெரிவிக்காமலேயே கொடுத்துவிட்டாய். என்னை நம்பவில்லை. நம்பாதது எவ்வளவு நல்லதாயிற்று என்று உட்கார்ந்து யோசித்தேன். நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை அடைவதற்கும் எனக்கு உரிமை இல்லை.

திரும்பி வர ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் சீட்டு எடுத்திருந்தேன். சனிக்கிழமை, உன் பிறந்தநாள், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். செய்ய ஒன்றுமில்லை. பதினோரு மணி வரை மிகவும் கஷ்டமாக இருந்தது. பிறகு அவ்வளவு கஷ்டமில்லை.

உனக்கு நான் செய்தது இது. கோபிக்க வேண்டாம் என்று கேட்க மாட்டேன்.

மெர்வின்


டனீடன்
19 ஆகஸ்ட் 2001

அன்புள்ள நைரிக்கு,

இதைக் குழுவின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். உன் புது விலாசம் எனக்குத் தெரியாது. ஜூலை பத்தாம் தேதி நீ கிளம்பிவிட்டாய் என்று ஹெமி தொலைபேசியில் சொன்னார். "வழியனுப்ப நீங்க வரலையா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பதில் எழுத வேண்டுமென்று இதை எழுதவில்லை. கணக்கில் ஒரு பிழை கண்டுபிடித்தேன். ரயில் சலுகைச் சீட்டு நான் எழுதியதைவிட விலை குறைவு. அதை நீ இந்நேரம் தெரிந்துகொண்டிருப்பாய்.

இங்கே குளிர் அதிகம். சின்ன ஆட்டுக்கால் வாங்கப் பழகிவிட்டேன்.

மெர்வின்


நகானோ மலைப்பகுதி, ஜப்பான்
25 நவம்பர் 2001

அன்புள்ள மாமா,

உங்கள் இரண்டு கடிதமும் இங்கே இருக்கின்றன. ஜூன் மாதத்துக் கடிதத்தைப் படித்துவிட்டு விறகுக் கொட்டகைக்குப் போய் ஒரு மணி நேரம் விறகு பிளந்தேன். ஹெமி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அவர் பேசாமல் போனது அன்றுதான்.

எனக்குத் தெரியும், மாமா. மே இருபத்திநான்காம் தேதி மேலே கூடாரத்திலிருந்த வானொலித் தொலைபேசியில் விசா அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். எதுவும் வரவில்லை என்றார்கள். உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் 'நாளைக்கு அனுப்புகிறேன்' என்று சொல்லியிருப்பீர்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. ஹெமி வண்டி ஓட்டினார். போகிற வழியிலேயே முழங்கால்மேல் வைத்து அரைப் பக்கம் எழுதினேன். பாதி மாதங்களில் 'தெரியாது' என்றுதான் எழுதியிருந்தேன். வேறு விண்ணப்பமும் புகைப்படமும் அங்கே போய்த் தயார் செய்தேன்.

உங்களிடம் சொல்லாமல் கிளம்பியது வேண்டுமென்றேதான். இந்த வருடம் முழுக்க எழுதக் கூடாது என்றிருந்தேன். ஆனால் ஒன்றை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

பணம் தீர்ந்துவிட்டது. செப்டம்பர் 21ஆம் தேதி. நீங்கள் இரண்டு நாள் பிசகிவிட்டீர்கள்.

பால் பண்ணை வேலை மூன்றே வாரத்தில் முடிந்தது. ஆப்பிள் தோட்டத்தில் புயலுக்குக் காய் கொட்டிவிட்டது. நீங்கள் பயந்த மாதிரியே ஒரு சின்ன ரயில் நிலையத்தில் நின்றேன், மழையில், கையில் முந்நூறு யென்னோடு. நீங்கள் எழுதியதை அப்படியே யாரோ நடத்திக் காட்டுவது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நிலையத்துக்கு எதிரே ஒரு நூடுல்ஸ் கடை. உள்ளே போய், எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில், சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவுகிறேன், சமைக்கவும் தெரியும் என்றேன். கடைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன பேருக்குச் சமைச்சிருக்க?"

"பதினோரு பேர். ஒரு நாளைக்கு அஞ்சு வேள."

"அஞ்சு வேளையா? ஆளா, யானையா?"

"ஆடு வெட்டுறவங்க."

நான் எதையோ தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே திரும்பிப் புருஷனிடம் கத்தினார், "இங்க வாங்க, இந்தப் பொண்ணு யானைக்குச் சமைச்சிருக்காம்!" ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் கழுவுதொட்டியைக் காட்டினார். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். மாடியில் அறை தந்திருக்கிறார். நன்றிப் பணம் கேட்கவில்லை.

ஆக, உங்கள் கணக்கு சரி, மாமா. எப்போதும் சரியாகத்தான் போடுகிறீர்கள். அன்று அந்த நாள் வந்தது. நான் நனைந்தேன், பயந்தேன், பிறகு சாப்பிட்டேன். ஏழு வருடம் முன்பு போயிருந்தாலும் எனக்கும் கிரெய்க்குக்கும் அந்த நாள் வந்திருக்கும். அதை இருவரும் சேர்ந்து பார்த்திருப்போம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதினாறு நாள் அந்த உறையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் எப்படி நடமாடினீர்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பெரிய ஆட்டுக்காலை வியாழன் வரை நீங்கள் தனியாகச் சாப்பிட்டதை நினைத்தால் கோபம் போய்விடுகிறது. பிறகு திரும்பி வருகிறது. இரண்டும் மாறி மாறி வரட்டும், நான் தடுக்கப்போவதில்லை.

விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். பதில் எழுதுங்கள். பிழை பார்க்க வேண்டாம். எழுதிய அன்றே போய்ப் பெட்டியில் போடுங்கள்.

நைரி